அப்புச்சியின் புளியங்கொட்டைகள்

பெருந்துறையை விட்டு பர்மிங்காம் வந்து இது மூன்றாவது குளிர்காலம். குளிர் பழகிவிட்டது. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடுவதும் பழகிவிட்டது. 'ங்க' போடாமல் பேசுவதுதான் இன்னும் வரவில்லை. எங்கள் பக்கம் பால் ஊற்ற வரும் சின்னப் பையனையும் 'வாங்க' என்போம். இங்கே துறைத் தலைவரையே பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மனசு கேட்காமல் பேச்சுக்கு ஒரு 'சாரி' சேர்த்துக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்கிறவள் ஒருநாள், "அப்படி என்னதான் தப்பு பண்ணினாய்?" என்று கேட்டேவிட்டாள்.

ஊரில் எட்டு வருடம் லேப்பில் இருந்தவள் நான். ஆனால் இங்கே பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளவே ஹெச்.சி.பி.சி. என்ற மருத்துவத் தொழில் பதிவு அமைப்பில் பதிவு வேண்டும், அது சட்டம். பதிவு கைக்கு வரும்வரை உதவியாளர் வேலை. சாம்பிள் பைகளைப் பிரிப்பது, பார்கோடு ஒட்டுவது, நீல மூடிக் குழாயில் ரத்தம் கோடு வரை இல்லையென்றால் எடுத்து ஒதுக்குவது. அப்புச்சியிடம், அதாவது அம்மாவின் அப்பாவிடம், போனில் அழாத குறையாகச் சொன்னேன். "குழாய் அடுக்கறதும் லேப் வேலைதான் அம்மிணி" என்றார். அவ்வளவுதான், வேறு ஆறுதல் எல்லாம் அவருக்கு வராது.

அப்புச்சி பெருந்துறை சானடோரியத்தில் சளி பரிசோதித்தவர். காசநோய்க்காரர்களை மாதக்கணக்கில் படுக்கையில் வைத்திருந்த காலத்தில் சேர்ந்தவர். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று 1959இல் சென்னை ஆய்வு காட்டியது. "கட்டிலுக்குத்தான் வேலை கொறஞ்சுது, ஸ்லைடுக்குக் கொறயல" என்பார். 1990இல் 58 வயதில் ஓய்வு பெற்றார். அப்புறமும் சும்மா இருக்கவில்லை, ஒரு சின்னத் தனியார் லேப்பில் எண்பது வயது வரை உட்கார்ந்தார்.

பள்ளி விட்டதும் நான் அங்கேதான் போவேன். காற்று அவர் முதுகுப் பக்கமிருந்து வந்து எதிர் ஜன்னல் வழியாக வெளியே போகும்படி மேஜை போட்டிருப்பார். என்னை வாசப்படி தாண்ட விட மாட்டார். சீமாற்றுக் குச்சியை ஒடித்து, அதன் நுனியால் சளியைக் கண்ணாடியில் தேய்ப்பார். காய்ந்ததும் சிவப்புச் சாயம் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கைக் காட்டுவார். ஆவி வரணும், கொதிக்கக் கூடாது. பிறகு கந்தக அமிலம், கடைசியில் நீலம். டிபி கிருமி அமிலத்துக்கும் அசையாமல் சிவப்பாக நிற்கும்.

நுண்ணோக்கியில் ஒரு பார்வைக்குத் தெரியும் வட்டம்தான் ஒரு ஃபீல்டு. 100 ஃபீல்டு பார்க்காமல் 'நெகட்டிவ்' எழுத மாட்டார். பத்து ஃபீல்டு முடிந்தால் ஒரு புளியங்கொட்டை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்குப் போகும். நடுவில் யாராவது பழமை பேச வந்தால் கையை மட்டும் ஆட்டுவார்.

பதிவு வந்து டிபி பிரிவில் சேர்ந்தேன். இங்கே ஆரமின் சாயம். இருட்டில் கிருமி பச்சை மஞ்சளாக மினுங்கும். "செவப்பா இல்லாத கிருமிய எப்படி நம்பறது?" என்று அப்புச்சி சிரித்தார். பயிற்சிக்குப் பழைய முறை ஸ்லைடும் தந்தார்கள். அவசரத்தில் நாற்பது ஃபீல்டோடு நிறுத்தி, ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். மீதி ஃபீல்டுகளில் மூன்று கிருமிகள் இருந்தன. அப்புச்சியிடம் அதை மட்டும் நான் சொல்லவே இல்லை.

போன பங்குனியில் போய்விட்டார், 92 வயது. லீவு கிடைத்து டிக்கெட் பார்ப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். கருமாதி முடிந்து அம்மா அவர் பெட்டியைப் பிரித்துக்கொண்டு போன் பண்ணினாள்.

"எண்ணெய் பாட்டில், லென்ஸ் தொடைக்கற காயிதம்... புளியங்கொட்டையக் கூடவா எடுத்து வெக்கறது?"

"எத்தன இருக்குதுங்கம்மா?"

"ஒம்பது."

"பத்து இருக்கோணும். நல்லாத் தேடிப் பாருங்க."