ஆபரேஷன் முடிஞ்சும் மார்புல போகாத அந்த நீலம்

எனக்கு மார்புல இருந்த கட்டி கேன்சர்னு ஊசி பயாப்ஸில தெரிஞ்ச பெறகு மதுரையில ஆபரேஷன் நடந்துச்சு, கட்டிய மட்டும் எடுத்தாங்க, கூடவே அக்குள்ல சென்டினல் நோட் பயாப்ஸியும் பண்ணாங்க. காம்புக்குப் பக்கத்துல மெத்திலீன் ப்ளூன்னு ஒரு நீல மருந்த ஊசில ஏத்தி லேசா தேச்சு விடுறாங்க, அது அக்குள்ல எந்த நெறிக்கட்டிக்கு மொதல்ல போய்ச் சேருதோ அத எடுத்து டெஸ்ட் பண்றாங்க, அதுல கேன்சர் இல்லன்னா மத்ததையெல்லாம் வழிச்செடுக்க வேண்டியதில்ல, பின்னாடி கை வீங்குற தொந்தரவும் ரொம்பக் குறையும். எனக்கு இல்லன்னு வந்துச்சு. அன்னைக்கு பட்ட நிம்மதிய சொல்லி மாளாது.

ஆனா அந்த நீலம் தோல்ல எவ்வளவு நாள் நிக்கும்னு எனக்கு யாரும் முன்னாடி சொல்லல, அதுக்காகத்தான் இத எழுதுறேன். மறுநாள் யூரின் பச்சையா போச்சு, அது ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாயிரும்னு சிஸ்டர் சொன்னாங்க, சரியாவும் ஆயிருச்சு. கட்டுப் பிரிச்சப்பதான் திக்குனு இருந்துச்சு. காம்ப சுத்தி உள்ளங்கை அகலத்துக்கு மை கொட்டுன மாதிரி நீலம். உசிலம்பட்டில இருந்து துணைக்கு வந்திருந்த அத்தை பாத்துட்டு, "என்ன தாயி இது, உள்ளுக்குள்ள பரவிருச்சா"ன்னு அழுகவே ஆரம்பிச்சுட்டாங்க. நான் அவங்கள தேத்துறதா என்னைய தேத்துறதா.

ஊசி பயாப்ஸி பண்ணப்ப ரத்தம் கட்டுனது வேற, அது கருநீலமா இருந்து பச்சை மஞ்சள்னு மாறி ரெண்டு வாரத்துல காணாமப் போச்சு. இது நெறமே மாறாது, மெல்ல மெல்ல வெளுக்கத்தான் செய்யும். அடுத்த செக்கப்ல டாக்டரம்மாட்ட கேட்டேன், சாயம் தோலுக்குள்ள தங்கிருக்கும்மா, சிலருக்கு சில மாசம், சிலருக்கு ஒரு வருசம் தாண்டியும் இருக்கும், நோய்க்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னாங்க. இத ஆபரேஷனுக்கு முன்னாடியே ஒரு வரி சொல்லிருந்தா எங்க வீட்ல அத்தன பேரும் தூக்கம் கெட்டிருக்க மாட்டோம்.

சித்திரை வெயில்ல வேர்த்துக் கொட்டும்போது ரவிக்கைல நீலம் பிடிக்குமோன்னு பயந்தேன், பிடிக்கல, அது உள்ள இருக்க சாயம். அதனால சோப்பு, பீர்க்கம் நார், எலுமிச்சைன்னு எதையும் போட்டு தேய்க்காதீங்க, போகவும் போகாது, தையல் போட்ட எடம் புண்ணாயிரும். எனக்கு ரேடியேஷன் அந்த நீலத்து மேலயேதான் குடுத்தாங்க, ஒரு தடையும் இல்ல. இப்ப ஓரமெல்லாம் வெளுத்து நடுவுல மட்டும் சாம்பல் பூத்த மாதிரி நிக்குது.

அந்த எடம் செவந்து சூடா இருந்தா, வீங்குனா, நீர் வடிஞ்சா, தோல் கறுத்துப் புண்ணு விட்டா, ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி குழியா ஆனா மட்டும் சாயம்தானேன்னு விட்டுறாதீங்க, உடனே போய்க் காட்டுங்க. இன்னொண்ணு, டிப்ரஷனுக்கு மாத்திரை எடுக்குறவங்க அத ஆபரேஷனுக்கு முன்னாடியே டாக்டர்ட்ட கண்டிப்பா சொல்லிருங்க, அதுல சில மாத்திரையோட இந்த நீல மருந்து சேந்தா ஆபத்தாயிரும்.