கடவுச்சொல் கேட்கும் காதல்

14 நவம்பர் 2025, வெள்ளி

குழந்தைகள் தின விழா. பேச்சுப் போட்டித் தலைப்பு வழக்கம்போல 'கைப்பேசி: வரமா, சாபமா?' மேடையேறிய அத்தனை பேரும் சாபம் என்றார்கள். முதல் பரிசு வாங்கியவன் கீழே இறங்கியதும், தான் பேசியதை யார் வீடியோ எடுத்தார்கள் என்று தேடினான். நாம் கேட்க விரும்புவதை நம்மிடம் ஒப்பிக்கப் பிள்ளைகள் பழகிவிட்டார்கள்.

18 நவம்பர், செவ்வாய்

பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுகிறாள். (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) மதியம் நூலக அறையில் உட்கார வைத்துப் பேசினேன். முதலில் 'ஸ்ட்ரீக்' பற்றிச் சொன்னாள். ஸ்னாப்சாட்டில் இரண்டு பேர் தினமும் மாறி மாறிப் படம் அனுப்ப வேண்டும். 24 மணி நேரம் தவறினால் எண்ணிக்கை அறுந்துவிடும். நேரம் நெருங்கினால் பெயருக்குப் பக்கத்தில் மணற்கடிகாரம் வரும். என்ன படம் அனுப்புவாய் என்று கேட்டேன். சுவர், மின்விசிறி, தலையணை முனை என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். தெருவில் எதிர்ப்பட்டவரைச் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதைப் போலத்தான் இதுவும்.

தூக்கம் கெட்ட காரணம் அதுவல்ல என்பது மணி அடிக்கும் நேரத்தில்தான் வெளியே வந்தது. வேறு பள்ளியில் படிக்கும் ஒரு பையன். அவளுடைய இன்ஸ்டாகிராம் கடவுச்சொல் அவனிடம் இருக்கிறது.

19 நவம்பர், புதன்

"நம்பிக்கை இருந்தால் கொடு" என்று கேட்டானாம். அவனும் தன்னுடையதைக் கொடுத்திருக்கிறான். இரண்டு மாதம் இனித்தது. பிறகு தோழிகளோடு அவள் பேசுவதையெல்லாம் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தான். அத்தை மகனுக்கு ஏன் பதில் போட்டாய்? நீல டிக் விழுந்தும் எனக்கு ஏன் பதில் இல்லை? இரவு ஒரு மணிக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். விலகுகிறேன் என்றதற்கு, பேசியதையெல்லாம் உன் அப்பாவுக்கு அனுப்புவேன் என்கிறான்.

அந்தரங்கப் படம் ஏதும் அவனிடம் இருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். இல்லை என்றாள். வீட்டில் ஏன் சொல்லவில்லை?

"போனைப் பிடுங்கிவிடுவார்கள் டீச்சர். அதோடு நிற்காது, படிப்பையும் நிறுத்திவிடுவார்கள்."

அந்தப் பையனுடைய பலமே இந்தப் பயம்தான். மிரட்டலுக்கு ஆயுதம் செய்து கொடுப்பது வீடு. நம் பக்கத்துப் பெற்றோருக்கு இதைச் சொன்னால் கோபம் வரும், வரட்டும்.

அம்மாவிடம் மட்டும் சொல்லலாம் என்று சம்மதித்தாள்.

21 நவம்பர், வெள்ளி

அம்மா வந்தார். பீடி சுற்றுகிறவர், அன்றைய கணக்கை விட்டுவிட்டு வந்திருந்தார். எதையும் சொல்லும் முன்பே ஒரு வாக்குறுதி கேட்டேன்: போனைப் பறிக்கக் கூடாது, படிப்பில் கை வைக்கக் கூடாது. "என்ன டீச்சர், அவ்வளவு பெரிய விஷயமா?" என்று மகளைப் பார்த்தார். கேட்டு முடித்ததும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கழுதை, என்னிடம் சொல்ல என்ன?" என்றார். திட்டுதான். ஆனால் மகள் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தார். எங்கெல்லாம் உள்நுழைந்திருக்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தோம். இரண்டு கருவிகள், ஒன்று அவளுடையது அல்ல. அதை வெளியேற்றிக் கடவுச்சொல்லை மாற்றி, கடவுச்சொல்லோடு தனிக் குறியீடும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பும் போட்டாள். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதை அம்மா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

24 நவம்பர், திங்கள்

மழை விடுமுறை. பெற்றோர் கூட்டத்துக்குக் குறிப்பு எடுத்தேன்.

அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால் கதை வேறு. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வரும். தெரிந்தும் புகார் சொல்லாமல் இருக்க ஆசிரியருக்கு உரிமை இல்லை. உதவி எண்கள்: குழந்தைகளுக்கு 1098, இணையக் குற்றத்துக்கு 1930. 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவையும் உண்டு. படம் நம் போனைவிட்டு வெளியே போகாது. அதிலிருந்து கைரேகை மாதிரி ஓர் எண் அடையாளம் மட்டும் எடுக்கப்பட்டு, அந்தச் சேவையில் சேர்ந்துள்ள இணைய நிறுவனங்களுக்குப் போகும். அவர்கள் தங்கள் தளத்தில் அதே படத்தைத் தேடி நீக்குவார்கள். படத்தை மீண்டும் யாரிடமும் காட்ட வேண்டியதில்லை என்பதைப் பெண்பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

28 நவம்பர், வெள்ளி

கூட்டத்துக்கு அம்மாக்கள்தான் வந்தார்கள். வந்த ஓரிரு அப்பாக்களில் ஒருவர், மகன் போனுக்கு அடிமை, எங்கே காட்டுவது என்றார். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 'ஷட்' என்ற சிகிச்சைப் பிரிவு 2014 முதல் இருப்பதைச் சொல்லிவிட்டு, அவன் போனில் என்ன செய்கிறான் என்று கேட்டேன். தெரியவில்லை. மனநல உதவிக்கு 14416 எண்ணைக் கரும்பலகையில் எழுதினேன். இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். குறித்துக்கொண்டவர்களை விட, மறைவாகப் படமெடுத்துக்கொண்டவர்கள் அதிகம்.

10 டிசம்பர், புதன்

அரையாண்டுத் தேர்வு. ஆசிரியர் அறையில் ஆஸ்திரேலியாதான் பேச்சு: 16 வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை இன்று அமலுக்கு வந்துவிட்டது. மீறினால் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை, நிறுவனத்துக்குத்தான், 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பொறுப்பை அங்கே வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கேயும் வேண்டும் என்றார் கணக்கு ஆசிரியர். அங்கே தடைசெய்த தளங்களின் பட்டியலில் வாட்ஸ்ஆப் இல்லை, என்னிடம் வரும் வழக்குகளில் பாதி அதில்தான் நடக்கிறது என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த மாணவி விடைத்தாளைக் கொடுத்துவிட்டு நின்றாள். தோழி ஒருத்தியை அழைத்து வரலாமா என்று கேட்டாள். தேர்வு முடியும்வரை காத்திருக்க வேண்டாம், நாளை மதியமே வரச் சொல்லியிருக்கிறேன்.