கோத்தகிரி மலை ஓட்டத்துக்கு டீசலா, கேஸா? மூன்று மாதம் அலைந்து நான் வாங்கிய வண்டி

எங்களுக்கு மேட்டுப்பாளையத்தில் மண்டி கிடையாது, மண்டிக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் நாங்கள். கோத்தகிரியை அடுத்த கட்டபெட்டுப் பக்கத் தோட்டங்களில் கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு ஏற்றிக் கீழே இறக்குவது, திரும்பிப் போகும்போது கோழி எரு, உர மூட்டை என்று எது கிடைக்கிறதோ அதை மேலே கொண்டுபோவது, இதுதான் தொழில். அப்பா 2009-ல் வாங்கிய குட்டி யானை (டாடா ஏஸ்) பதினாறு வருடம் உழைத்துவிட்டுப் போன வருடம் ஜூலையில் மலைப்பாதையில் குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் மேலே புகையைக் கக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. 702 சிசி, ரெண்டே சிலிண்டர், 16 குதிரைத்திறன். அதை வைத்துக்கொண்டு அவர் எப்படி இத்தனை வருடம் அந்த மலையை ஏறினார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சரி, புது வண்டி வாங்கியே ஆகவேண்டும். குட்டி யானையைவிட ஒரு படி மேலே, அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திரா பொலேரோ பிக்கப் அளவில் ஒன்று. அதில்தான் இந்தக் கேள்வி வந்து நின்றது: டீசலா, கேஸா? கேஸ் என்றால் சிஎன்ஜி, அழுத்தி நிரப்பும் இயற்கை எரிவாயு. இப்போது இந்த அளவு வண்டிகள் பலவும் இரண்டிலும் வருகின்றன. யாரைக் கேட்டாலும் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுகிறார்கள், ஆனால் ஆளுக்கு ஒரு பதில். ஸ்டாண்டில் இருக்கும் மூத்த டிரைவர்கள் எல்லாம் "மலைக்கு டீசல்தானுங்க, இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு" என்றார்கள். ஷோரூமில் "கேஸ் எடுங்க சார், மாசம் நாலாயிரம் அஞ்சாயிரம் மிச்சம்" என்றார்கள். என் மச்சான் ஏற்கெனவே கேஸ் வண்டிதான் வைத்திருக்கிறார், சோப்பு ஏஜென்சிக்கு காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் என்று கடை கடையாகச் சரக்கு போடுகிறார், அவருக்கு அந்த வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

நான் முதலில் கேஸ் பக்கம்தான் சாய்ந்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன். நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தேன். ஒரு நாளைக்குப் போக வர 88 கிலோமீட்டர், மாதம் 26 நாள், கிட்டத்தட்ட 2,300 கிலோமீட்டர். மலையில் லோடோடு டீசல் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுக்கும் என்று வைத்தால் 209 லிட்டர், அப்போது லிட்டர் 92 ரூபாய்ச் சொச்சம், ஆக 19,200. கேஸ் கிலோவுக்கு 14 கொடுக்கும் என்றால் 164 கிலோ. விலையும் எங்கள் பகுதியில் ஏறத்தாழ டீசல் விலையேதான், ஆக 15,100. மாதம் 4,100 மிச்சம், ஐந்து வருடக் கடன் முடிவதற்குள் ரெண்டரை லட்சம் பக்கம் வந்துவிடும். இதைப் பார்த்ததும் எனக்கு டீசல் ஷோரூமுக்குப் போகவே மனம் வரவில்லை.

ஒரு கிலோ கேஸில் ஒரு லிட்டர் டீசலைவிடச் சூடு அதிகம், அதனால்தான் கிலோவுக்கு அதிக தூரம் ஓடுகிறது. இதில் ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. என் கணக்கில்தான் பாதி விஷயம் விட்டுப்போயிருந்தது.

அதை எனக்குக் காட்டியது மச்சானின் வண்டிதான். ஆகஸ்டில் ஒரு நாள் அவரோடு கேஸ் போடப் போனேன். பங்க் கோவை ரோட்டில் 9 கிலோமீட்டர், எனக்கு அது எதிர்த் திசை. வரிசையில் முன்னால் பதினோரு வண்டி, பாதி ஆட்டோக்கள். எங்கள் முறை வர நாற்பது நிமிடம் ஆனது, வந்த பிறகும் முழுசாக ஏறவில்லை. சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பவேண்டும், அன்று 150 தாண்டவில்லை. கேட்டால், அந்த பங்குக்குக் குழாயில் கேஸ் வருவதில்லை, லாரியில் சிலிண்டர் அடுக்குகளாக வருகிறது, லாரி வந்த புதிதில் போனால் நன்றாக ஏறும், காலியாகிற நேரத்தில் போனால் முக்கால்தான் ஏறும் என்று அங்கே இருந்த பையன் சொன்னான். குழாய் வரும் பங்குகளில் இந்தத் தொல்லை குறைவு என்றும் சொன்னான். மச்சானுக்கு இது பெரிய விஷயமில்லை, அவர் தினமும் அந்த வழியாகத்தான் போகிறார், வரிசையில் நிற்கும்போது கடைக்காரர்களிடம் போனில் ஆர்டர் எடுத்துவிடுகிறார். எனக்கோ காலை ஏலத்துக்கு முன்னால் மண்டியில் சரக்கு இறங்கவேண்டும். அரை மணி தாமதமானால் விவசாயி கேட்கிற கேள்விக்கு நான்தான் பதில் சொல்லவேண்டும்.

வீட்டுக்கு வந்து நோட்டை மறுபடி எடுத்தேன். ஒன்றுவிட்டு ஒரு நாள் பங்குக்குப் போக வர 18 கிலோமீட்டர், மாதம் 13 தடவை, அதற்கே 1,500 ரூபாய் கேஸ். மிச்சம் 2,600 ஆகிவிட்டது.

அப்புறம் எடை. கேஸ் சிலிண்டர் கனத்த இரும்பு, அதைத் தாங்கும் சட்டமும் சேர்ந்து வண்டி ஏற்றக்கூடிய எடையில் இருந்து ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. மாருதி சூப்பர் கேரியைப் பாருங்கள், பெட்ரோல் வண்டிக்கு 740 கிலோ, அதே வண்டி கேஸில் 625 கிலோ. நான் பார்த்த வண்டிகளிலும் நூறு கிலோ வித்தியாசம் என்று வைத்துக்கொண்டேன். நூறு கிலோ என்றால் எங்களுக்கு இரண்டு மூட்டை, மூட்டைக்கு 60 ரூபாய் வாடகை, 26 நாளைக்கு 3,120. போச்சு! மிச்சம் போய் மாதம் ஐநூறு நட்டம் என்று வந்து நின்றது. இரண்டு மூட்டை கூடப் போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். எல்லோரும் போடுகிறார்கள்தான். ஆனால் 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதமே 20,000-ல்தான் ஆரம்பிக்கிறது, ஒரு தடவை மாட்டினால் ஆறு மாத மூட்டைக் காசும் காலி.

இதெல்லாம் காகிதக் கணக்கு. உண்மையில் என்னைத் திருப்பியது ஏற்றம்தான். தெரிந்த ஒரு அண்ணன் கோத்தகிரிக்குக் கேஸ் வண்டியில் லோடு அடிக்கிறார், எந்தக் கம்பெனி வண்டி என்பது வேண்டாம். அவரோடு ஒரு நாள் 20 மூட்டை கோழி எருவை ஏற்றிக்கொண்டு போனேன், சரியாக ஒரு டன். கீழே சமரோட்டில் வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது, டீசல் வண்டியில் பழகிய காலுக்கு அந்த அமைதி ஒரு சுகம், பொய் சொல்லவில்லை. ஏற்றம் ஆரம்பித்ததும் மூன்றில் இருந்து இரண்டு, வளைவில் ஒன்று. குஞ்சப்பனை வரை எப்படியோ சமாளித்தது. அரவேனு பக்கம் போகப் போக இன்னும் சோர்ந்துவிட்டது, பின்னால் ஒரு பஸ் ஹாரனை அடித்துக்கொண்டே வந்தது. அண்ணன் ஸ்டியரிங்கை விடாமல் சிரித்தார்: "இது கீழ் நாட்டு வண்டி தம்பி, மேலே கூட்டிட்டு வந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும்."

அவர் விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அதுதான் என்று அப்புறம் எங்கள் மெக்கானிக் விளக்கினார். கோத்தகிரி 1,800 மீட்டர் உயரத்துக்குப் பக்கம். டர்போ இல்லாத எஞ்சின் வெளிக் காற்றை அப்படியே உறிஞ்சுகிறது, மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறைவு, ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சக்தி கழன்றுவிடும். நான் போன கேஸ் வண்டியில் டர்போ கிடையாது. போதாததற்கு கேஸே காற்று போகவேண்டிய இடத்தில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. இந்த அளவு டீசல் வண்டிகளில் டர்போ இருக்கிறது, காற்றை அமுக்கித் தள்ளுவதால் உயரம் அவ்வளவாகத் தெரியாது. தோஸ்த் வகையில் டீசல் எஞ்சினின் முறுக்கு விசை, அதாவது சுழற்றி இழுக்கும் பலம், 190 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 1,600 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. ஸ்டாண்டில் "மலைக்கு டீசல்" என்று ஒரே வரியில் சொன்னவர்களுக்கு இந்தக் காரணமெல்லாம் தெரியாது, ஆனால் கால் சொல்லியிருக்கிறது.

டீசல் பக்கமும் ஒரு பயம் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்க டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி வைக்கிறார்கள். சேர்ந்த கரி தானாக எரிந்து தீர புகைக்குழாய் நன்றாகச் சூடாகவேண்டும். ஊருக்குள் நின்று நின்று போகிற வண்டிக்கு அந்தச் சூடு வராது, கரி அடைத்து விளக்கு எரியும், எஞ்சின் இழுக்காது, ஒர்க்‌ஷாப் செலவு வைக்கும். மச்சான் இதைச் சொல்லியே என்னைப் பயமுறுத்தினார். அவருக்கு அது முழுக்கச் சரி, முப்பது கடையில் நிறுத்தி நிறுத்திப் போகிறவர் டீசல் எடுத்திருந்தால் மாட்டியிருப்பார். என் வண்டியோ தினமும் ஒன்றரை மணி நேரம் பாரத்தோடு ஏறுகிறது, கரி எரிய அதைவிட நல்ல அடுப்பு வேறு ஏது?

டெல்லி மாதிரி இங்கேயும் பத்து வருடத்தில் டீசலைத் தடை பண்ணிவிடுவார்கள் என்று ஒரு விற்பனையாளர் பயம் காட்டினார். அந்தப் பத்து வருடக் கணக்கு டெல்லி வட்டாரத்துக்கு வந்த உத்தரவு, நம் ஊருக்கு அப்படி ஒன்றும் இல்லை. கேஸ் சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒரு முறை அழுத்தச் சோதனைக்குக் கொடுக்கவேண்டும் என்பதை அதே ஆள் வாயே திறக்கவில்லை.

டெஸ்ட் டிரைவ்தான் பெரிய கூத்து. முதல் ஷோரூமில் காலி வண்டியைக் கொடுத்து பைபாஸில் ஓட்டிப் பாருங்கள் என்றார்கள். காலி வண்டி எது என்றாலும் பறக்கும், அதில் என்ன தெரியப்போகிறது? லோடு ஏற்றி மலைக்குக் கொண்டுபோகவேண்டும் என்றதற்கு மேனேஜரைக் கேட்கவேண்டும் என்றார்கள், மேனேஜர் மூன்று நாள் போனே எடுக்கவில்லை. இரண்டாவது இடத்தில் டீசல் டெமோ வண்டியில் எங்கள் உர மூட்டையையே ஏற்றி, அவர்கள் டிரைவர் பக்கத்தில் உட்கார, குஞ்சப்பனை வரை விட்டார்கள். அதே வளைவுகள், அதே ஒரு டன், பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே ஏறிவிட்டது. இறங்கும்போதும் இரண்டாவதிலேயே பிடித்து வந்தேன், பிரேக் சூடாகவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

உடனே வாங்கவில்லை. செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-ல் இருந்து 18 சதவீதம் ஆகிறது என்று அறிவிப்பு வந்திருந்தது, அதற்காக மூன்று வாரம் வாடகை வண்டி வைத்து ஓட்டினேன். அந்தக் காத்திருப்பு வீண் போகவில்லை. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் அடங்கும் வண்டியாகப் பார்த்து எடுத்ததால் பெர்மிட் அலைச்சலும் இல்லை. ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாவி கைக்கு வந்தது, டீசல் தோஸ்த். அப்பா பூசணிக்காயை உடைத்துவிட்டு முதலில் பார்த்தது எஞ்சினை அல்ல, ஜாக்கியும் ஸ்டெப்னியும் இருக்கிறதா என்றுதான்.

இப்போது நாலு மாதம் ஓடிவிட்டது. மைலேஜ் 12-க்கு மேல் கிடைக்கிறது, நான் எழுதிய 11-ஐவிடப் பரவாயில்லை. இறக்கத்தில் கியரில் விட்டு ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வதே நின்றுவிடுகிறது, அதை நான் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. டிபிஎஃப் விளக்கு ஒரே ஒரு தடவை வந்தது, பொங்கலை ஒட்டி மலைக்குப் போகாமல் ஒரு வாரம் ஊருக்குள்ளேயே ஓட்டியபோது. மறுநாள் லோடு ஏற்றிக் கோத்தகிரிக்கு ஒரு நடை போனதும் அணைந்துவிட்டது.

மச்சான் இரண்டாவது வண்டி எடுக்கப்போகிறார், கேஸ்தான். நானும் அதைத்தான் எடுக்கச் சொன்னேன்.