மேக்பெத்தை உசுப்பிவிட்டது யார்?

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகம் எங்கள் பாடத்தில் கிடையாது. ஆண்டு விழாவில் சுருக்கமாக நடிக்கலாமே என்று பதினோராம் வகுப்போடு சேர்ந்து படித்தோம். மார்க் இல்லாத பாடம் என்பதே பெரிய நிம்மதி. தேர்வுக்கென்றால், “வீழ்ச்சிக்குக் காரணம் பேராசை” என்று எழுதி, அடிக்கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவியிருப்பார்கள்.

கொலைக் கதை என்றதும் சக ஆசிரியர் ஒருவர், “உங்க ஏரியா பசங்களுக்கு இதெல்லாம் சொல்லித் தரணுமா?” என்று சிரித்தார். வடசென்னைக்கு சினிமா எழுதிவைத்த சொத்து அந்தச் சிரிப்பு. ஸ்காட்லாந்து மன்னன் டங்கனை அவனுடைய தளபதி மேக்பெத் கொன்று அரியணை ஏறுகிற கதைதான். ஆனால் உண்மையில் அந்தக் கொலை மேடையில் நடப்பதே இல்லை. வகுப்பு திகைத்து நின்றதும் அங்கே அல்ல, அதற்கு முன்னால், முதல் அங்கத்தின் ஏழாம் காட்சியில்.

மன்னன் உள்ளே விருந்தில் இருக்கிறான். மேக்பெத் தனியே வந்து யோசிக்கிறான். இவன் என் உறவு, என் அரசன், என் வீட்டு விருந்தாளி. கொல்ல வருபவனுக்குக் கதவடைக்க வேண்டிய நானே கத்தி எடுப்பதா? மனைவி வந்ததும், இதோடு விட்டுவிடலாம் என்று சொல்லியும் விடுகிறான். அடுத்த ஐம்பது வரிக்குள் கொலைக்குத் தயாராகிவிடுகிறான்.

“வேணாம்னுதான் முடிவு பண்ட்டானே மிஸ், அப்புறம் இன்னா ஆச்சு?” என்றது கடைசி பெஞ்ச்.

தொடக்கத்தில் மேக்பெத்துக்குக் குறி சொல்லும் சூனியக்காரிகள்தான் காரணம் என்றாள் ஒருத்தி. தேடிப் பார்க்கச் சொன்னேன். அரசனாவாய் என்றார்களே தவிர, கொல் என்று அவர்கள் எங்குமே சொல்லவில்லை. விதி அரசனாக்குவதென்றால் நான் அசையாமலே ஆக்கட்டும் என்று மேக்பெத்தே ஒரு கட்டத்தில் நினைக்கிறான். சரி, மனைவி என்னதான் சொன்னாள் என்று வரிவரியாகப் படித்தோம். கோழை என்று குத்துகிறாள். துணிந்தபோதுதான் நீ ஆண்மகனாக இருந்தாய் என்கிறாள்.

வகுப்பு சிரித்தது. “நைட்ல பைக் ரேஸுக்கு இப்டிதான் மிஸ் கூப்புடுவாங்க. வரலைன்னா, நீலாம் ஒரு ஆம்பளையான்னு கேப்பாங்க” என்றான் ஒருவன். நீ போனாயா என்று நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் அந்தக் கேள்வியை நாடகம் முழுக்கத் துரத்தினார்கள். மூன்றாம் அங்கத்தில் தன் சக தளபதி பாங்க்கோவைக் கொல்ல ஆள் பிடிக்கும்போது, மனைவி தன்மேல் வீசிய அதே கேள்வியை மேக்பெத் அந்தக் கூலிகள்மேல் வீசுகிறான். பேராசை என்ற ஒற்றைச் சொல்லில் அடங்காத மேக்பெத் இவன். தன்னை எது வீழ்த்தியதோ, அதையே ஆயுதமாக்கக் கற்றுக்கொண்டவன்.

இடையில் வரலாறும் வந்தது. நிஜ மேக்பெத் ஸ்காட்லாந்தை 1040 முதல் 1057 வரை ஆண்டவன். டங்கன் இறந்தது போர்க்களத்தில். ஷேக்ஸ்பியர் எடுத்தாண்ட ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில் பாங்க்கோவும் கொலைக்கு உடந்தை. ஆனால் நாடகம் எழுதப்பட்ட 1606 வாக்கில் இங்கிலாந்தை ஆண்ட முதலாம் ஜேம்ஸ், பாங்க்கோ வழிவந்தவராகக் கருதப்பட்டவர். பாங்க்கோ நல்லவனாகிவிட்டான். இதைப் புரியவைக்க நான் சிரமப்படவே இல்லை. நம் ஊர்க் கட்அவுட்டுகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்.

நடிப்பதற்கு இருபது நிமிடம்தான் கிடைத்தது. எதை வெட்டுவது என்று பெரிய சண்டை. நான்காம் அங்கத்தில், மேக்பெத்தை எதிர்க்கும் பிரபு மாக்டஃபுக்கு, அவனுடைய மனைவி மக்கள் எல்லோரும் மேக்பெத்தின் ஆட்களால் கொல்லப்பட்ட சேதி வருகிறது. ஆண்மகனாக இதை எதிர்கொள் என்கிறான் டங்கனின் மகன் மால்கம். செய்கிறேன், ஆனால் ஆண்மகனாகவே இதை உணரவும் வேண்டும் என்கிறான் மாக்டஃப். அந்தக் காட்சியைத் தொடக்கூடாது என்று பைக் ரேஸ் பையன் ஒற்றைக் காலில் நின்றான், மாக்டஃப் வேடமும் தனக்கே வேண்டுமென்றான். வேறு வழியில்லாமல் சூனியக்காரிகளை வெட்டினோம். அவர்களுக்காக எம்.சி. ரோட்டில் வாங்கிய கறுப்புத் துணி லேடி மேக்பெத்துக்கு அங்கியானது.