கொல்கத்தா போனா விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சிடுங்க

அக்கா வீட்டுக்காரருக்கு கொல்கத்தாவுக்கு டிரான்ஸ்ஃபர் ஆகி ஒரு வருஷம் ஆச்சு, வா வான்னு கூப்பிட்டுகிட்டே இருந்தாங்க, போன ஜனவரில தான் 3 நாள் லீவு போட்டு போய்ட்டு வந்தேன். முதல் நாள் எல்லாரையும் மாதிரி சாவகாசமா 11 மணிக்கு கிளம்பி விக்டோரியா மெமோரியல் போனேன். 1921ல திறந்த கட்டடம், ராஜஸ்தான் மக்ரானாலேர்ந்து வெள்ளை மார்பிள் கொண்டு வந்து கட்டினது, அழகு தான், ஆனா செம கூட்டம், அப்புறம் மைதானத்துல கொஞ்ச நேரம் உக்காந்து டீ குடிச்சு நிமிந்து பாத்தா அஞ்சரைக்கெல்லாம் இருட்டிடுச்சு. கிழக்குல இருக்கற ஊரு இல்லையா, சீக்கிரம் விடிஞ்சு சீக்கிரம் அடைஞ்சிடுது.

மறுநாள் நாலரைக்கே மாமா வந்து எழுப்பிட்டாரு. "எந்திரிடா, வெயில் வந்தா பூவெல்லாம் போயிரும்"னாரு. ஹவுரா பாலத்துக்கு அடில மல்லிக் காட் பூ மார்க்கெட். இத எப்படி சொல்றதுன்னே தெரியல, செண்டுமல்லி சரத்த தாம்புக்கயிறு மாதிரி கத்தை கத்தையா ரெண்டு தோள்லயும் தொங்க விட்டுகிட்டு ஆளுங்க ஓடிட்டே வராங்க, மூஞ்சிய தவிர ஒண்ணும் தெரியல, ஆரஞ்சு மஞ்சள்னு பூவே நடந்து வர மாதிரி இருக்கு. காளிக்கு சாத்தற 108 செம்பருத்தி மாலை ஒரு பக்கம், சம்பங்கி கட்டு ஒரு பக்கம், கீழ பூரா நசுங்கின பூவும் சேறும். படில இறங்கினா ஹூக்ளி ஆறு, பனிக்குள்ள சனங்க முங்கி குளிக்கறாங்க, தலைக்கு மேல அவ்ளோ பெரிய பாலம். 1943ல திறந்தது, நட்டு போல்ட்டே இல்லாம முழுக்க ரிவெட் அடிச்சு சேத்தது, நடு ஆத்துல ஒரு தூண் கூட கிடையாது. போறவங்க வரவங்க பான் எச்சில் துப்பியே இரும்போட அடிப்பக்கம் அரிச்சு போய், பைபர்கிளாஸ்ல கவர் போட்டு வெச்சிருக்காங்க, அத பாத்தப்ப மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு.

அங்கேர்ந்து டிரெட்டா பஜார். பல தலைமுறையா அங்கயே இருக்கற சீனக் குடும்பங்க ரோட்டோரமா அலுமினிய அடுக்கு பாத்திரத்துல ஆவி பறக்க பறக்க மோமோ, பன், மீன் உருண்டை போட்ட சூப்பு எல்லாம் விக்கறாங்க, 8 மணி தாண்டினா பெருசா ஒண்ணும் கிடைக்காது. குளிர்ல நின்னுகிட்டே அந்த சூப்ப குடிச்சது இப்பவும் தொண்டைல நிக்குது. அப்புறம் ஒரு சந்துல கச்சோரியும் உருளைக்கிழங்கு குழம்பும், கூடவே மண் குவளைல டீ. சூடா ஊத்தினதும் மழை பெஞ்ச மண் வாசம் வருது, நாலு வாய்க்கு தான் வரும், அதனால எல்லாரும் ரெண்டு வாங்கறாங்க, நான் மூணு.

திரும்பும்போது ஆத்துக்கு அடில போற மெட்ரோ, 2024ல விட்டது. ஆறு வந்ததும் சுரங்கத்துல நீல லைட்டு, ஒரு நிமிஷம் கூட இல்ல, அதுக்குள்ள தாண்டிடுது.

மதியம் பிரியாணி. அதுல முழுசா ஒரு உருளைக்கிழங்கு, 1856ல லக்னோல ஆண்ட அவத் நவாப் வாஜித் அலி ஷா பதவி போய் இங்க வந்தப்ப கூட வந்த சமையல்னு சொல்றாங்க. நம்ம ஊரு காரம் இல்ல, ஆனா கறி சாறு பூரா அந்த கிழங்கு தான் குடிச்சிருக்கு, அக்கா தட்டுலேர்ந்தும் எடுத்து சாப்ட்டேன்.

ஜனவரில போறவங்க நோலென் குர் சந்தேஷ் மட்டும் விட்டுடாதீங்க. சந்தேஷ்ங்கறது பால திரிச்சு செய்யற ஸ்வீட்டு, அதுல போடற நோலென் குர் குளிர்காலத்துல ஈச்ச மரத்துல இறக்கற பதநீர காய்ச்சின வெல்லம், நம்ம கருப்பட்டிக்கு சொந்தக்காரன் மாதிரி ஒரு புகை வாசம் அடிக்குது, வெயில் காலம் வந்துட்டா புதுசா கிடைக்காது. நான் ஒரு கிலோ வாங்கிட்டு வந்தேன், அம்மா ரெண்டே நாள்ல காலி பண்ணிட்டாங்க.