செபஸ்தியார் இறந்தது அம்பால் அல்ல

கிறிஸ்தவப் புனிதர் செபஸ்தியாரின் சுரூபத்தில் அம்புகளைப் பார்த்து, அவற்றால்தான் இறந்தார் என்று பலர் நினைக்கிறார்கள். மரபு வரலாறு சொல்வது வேறு. ரோமைப் பேரரசர் தியோக்கிளேசியன் காலத்துப் படைவீரர் அவர். கிறிஸ்தவர் என்பதற்காக அவர்மேல் அம்பெய்தவர்கள் செத்துவிட்டார் என்று விட்டுப்போக, அடக்கம் செய்ய வந்த ஐரீன் என்ற கைம்பெண் மூச்சிருப்பதைக் கண்டு, வீட்டில் வைத்துக் காயம் ஆற்றினார். தேறியவர் தப்பி ஓடவில்லை. மன்னன் முன்னாலேயே போய் நின்று, கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்துவதைத் தட்டிக்கேட்டார். என்ன நெஞ்சுரம்! தடியால் அடித்துக் கொன்று, உடலைச் சாக்கடையில் வீசினார்கள்.

இதெல்லாம் 5ஆம் நூற்றாண்டு ஏட்டில் வருவது. உறுதியான பழைய சான்று 354ஆம் ஆண்டு ரோமை நாட்காட்டிதான்: நினைவு நாள் ஜனவரி 20, அடக்கமான இடம் ரோமையின் ஆப்பியன் சாலைச் சுரங்கக் கல்லறை. அவ்வளவே.

ரோமையில் பேதுருவின் சங்கிலிகள் இருக்கும் கோயிலில், 7ஆம் நூற்றாண்டு மொசைக்கில் நரைத்த தாடியோடு, கையில் வெற்றி முடியோடு நிற்கிறார். உடம்பில் ஒரு அம்புகூட இல்லை.