உதிரிப் பழம் பொறுக்குன பையனுக்கு எதுக்கு கோர்ட்டு?

நம்ம மலேசியா எஸ்டேட்ல கீழ உதிர்ந்து கிடக்குற செம்பனைப் பழம் (எண்ணெய் எடுக்குற பனை) ஒரு கோணி, இல்லன்னா பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள எடுத்துட்டு பாசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) வரைக்கும் ஒரு ரவுண்டு, இதுக்கெல்லாம் 14, 15 வயசுப் பையன கோர்ட்டு வரைக்கும் இழுக்குறது எனக்கு மனசே ஒப்பல. தப்பு தப்புதான், கேக்கத்தான் வேணும், ஆனா எங்க வச்சு யாரு கேக்குறதுன்னு ஒன்னு இருக்குல்ல.

முன்ன எஸ்டேட்ல இதெல்லாம் கிராணி (எஸ்டேட் கணக்கரு) வீட்டு வாசல்லயே முடிஞ்சிரும். அதையும் நான் தூக்கி வச்சுப் பேச மாட்டேன், ரெண்டு அறை விழும், அப்பன்காரரு கைகட்டி நிப்பாரு, ஆளப் பாத்துதான் நியாயம். இப்ப கம்பெனி ஜாகா (காவக்காரரு) பிடிச்சா நேரா பாலாய்ல (போலிஸ் ஸ்டேஷன்ல) ரிப்போட்டு. பீனல் கோட் 379, பெரியவங்களுக்கு 7 வருஷம் வரைக்கும் ஜெயில் போடுற அதே செக்‌ஷன்.

2001ல வந்த சிறார் சட்டம் மோசம்னு சொல்லல. மாஜிஸ்திரேட்டோட ரெண்டு ஆலோசகர் உக்காரணும், அதுல ஒருத்தராவது பொம்பளையா இருக்கணும், 14 வயசுக்குக் கீழ ஜெயில் கிடையாது, கண்டிச்சு அனுப்பலாம், பாண்டுல விடலாம், 2016 திருத்தத்துல சமூக சேவையும் சேந்துச்சு. ஆனா இந்த நல்லதெல்லாம் கேஸ் கோர்ட்டுக்கு வந்து, குத்தம்னு முடிவான பிறகு கிடைக்கிறது. அதுக்குள்ள லோக்காப், ரிமாண்ட், தள்ளித் தள்ளிப் போற தேதி, ஸ்கூல் லீவு எல்லாம் நடந்து முடிஞ்சிருது.

எங்க லயத்துப் பையன் ஒருத்தனுக்கு இதான் நடந்துச்சு. அம்மா மருந்தடிக்கிற வேலை, கோர்ட்டுக்குப் போற நாளெல்லாம் சம்பளம் இல்ல. துணைக்கு நானும் போயிருந்தேன். பையனப் பத்தி கோர்ட்டுக்கு அறிக்கை எழுத வந்த நன்னடத்தை ஆபீசர், வீட்ல சொல்பேச்சு கேப்பானான்னு மலாய்ல கேட்டாங்க, அந்தம்மா வெள்ளந்தியா சில நேரம் கேக்க மாட்டான்னு சொல்லிட்டாங்க. ஆபீசர் பேனா ஓட ஆரம்பிச்சதும் அந்தம்மா மேசைய எட்டிப் பிடிச்சுட்டு, எழுதாதீங்கம்மா, நல்ல பையன்தான், தண்ணியெல்லாம் அவன்தான் தூக்கி வப்பான்னு தமிழ்லயே சொல்றாங்க, மலாய் வாயில வரல. கடைசில கண்டிச்சு விட்டுட்டாங்க. கண்டிக்கிறதுக்கு எதுக்கு இத்தன மாசம்? அவன் திரும்ப ஸ்கூல் பக்கம் போகவே இல்ல.

நியூசிலாந்துல 1989லயே சட்டம் போட்டு, பையன், குடும்பம், நஷ்டப்பட்டவங்க, போலிஸ் எல்லாரையும் ஒன்னா உக்கார வச்சுப் பேசுற முறைய கொண்டு வந்துட்டாங்க. கோர்ட்டுக்குப் போகாமலே முடிக்கிற வழி வேணும்னு ஐநா சிறார் உரிமை ஒப்பந்தம் 40வது பிரிவுலயும் இருக்கு, மலேசியா 1995லயே அதுல சேந்துருச்சு. நம்ம எஸ்டேட்டுக்கு இது ஒன்னும் புதுசில்ல, கிராணி வாசல்ல நடந்ததத்தான் அறை இல்லாம, அவமானம் இல்லாம, ஜேகேஎம் (சமூக நல இலாகா) ஆபீசர வச்சு, தமிழ் தெரிஞ்ச ஒருத்தரையும் கூட வச்சு, எழுத்துல நடத்தச் சொல்றேன். பழத்துக்குக் காசு கட்டட்டும், இல்ல லீவுல வேலை செஞ்சு கழிக்கட்டும். பையன் நான் எடுக்கலன்னு சொன்னா மட்டும் கோர்ட்டுதான், அங்க போய் பேச அவனுக்கு உரிமை இருக்கு. கத்தி, கேங்கு, பொம்பளப்பிள்ளைங்கள தொட்ட கேஸ், அதெல்லாம் வேற, அத இதுல சேக்காதீங்க.

அது வர்ற வரைக்கும், பாலாய்லேந்து போன் வந்தா பதறிப் போய் நீங்களே எல்லாத்தையும் ஒத்துக்காதீங்க. சிறார் சட்டப்படி போலிஸ் உங்களுக்கும் சொல்லணும், நன்னடத்தை அதிகாரிக்கும் சொல்லணும், சொன்னாங்களான்னு கேளுங்க. ஒய்பிஜிகே (தேசிய சட்ட உதவி அறவாரியம்) வழியா இலவச வக்கீல் கிடைப்பாங்க, ரிமாண்டுக்கே வருவாங்க. காசில்லன்னு விட்றாதீங்க.